செட்டுல ஒண்ணு

அந்த டப்பா ஒரு வருஷமாக அவள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருந்தது. நீல நிறம். நான்கு பக்கமும் பூட்டிக்கொள்ளும் மூடி. நாத்தனாருடையது.

போன பெரிய லீவில் நாத்தனார் வீட்டில் சாப்பாடு. மேஜை நடுவில் முழு ஆட்டுத் தொடை ஒன்றைச் சுட்டு வைத்திருந்தாள். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கிளம்பும்போது மிச்சத்தை இந்த டப்பாவில் போட்டு இவள் கையில் திணித்தாள்.

"குழந்தைக்கு ஆகும். எலும்பையும் போட்டிருக்கேன், சூப் வெச்சுக்கோ."

இவர்கள் பாதிப் படி இறங்கியதும் மேலிருந்து குரல் வந்தது.

"டப்பாவை மட்டும் திருப்பிக் குடுத்துடும்மா. செட்டுல ஒண்ணு."

மாடிப்படி முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு கூடத் திறந்தது.

வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கொடுத்தால் சாப்பிட்டுவிட்டுக் கழுவிக் கொடுத்தவள் ஆகிவிடுவாள். கறி வந்த டப்பாவில் பிஸ்கட் வைத்துக் கொடுக்கலாமா? இரண்டு தடவை சுட்டுப் பார்த்தாள். முதல் தடவை கருகிற்று. இரண்டாம் தடவை மகள் தின்றுவிட்டாள். அதற்குள் நாத்தனார் மூன்று முறை போனில் விசாரித்துவிட்டாள்.

"என் டப்பா சௌக்கியமா?"

மற்ற சொந்தக்காரர்களிடமும் சொல்லியிருந்தாள். "என் தம்பி வீட்டுல நம்ம டப்பா குடித்தனம் பண்ணுது."

அதனால்தான் இந்த வருஷம் இவளே போன் போட்டு அழைத்தாள். "அண்ணி, பெரிய லீவுக்கு நீங்களும் அண்ணாவும் எங்க வீட்டுக்கு வாங்க."

நாத்தனார் கேட்டாள்.

"உங்க வீட்டுக்கா? வரலாம். எங்க உக்காருவோம்?"

போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதிலேயே இருந்தது. அவள் டப்பாவைப் பார்த்தாள். மேஜை நடுவில் வெட்டிப் பரிமாற ஒன்று வேண்டும். அதில் ஒரு நல்ல துண்டு இந்த டப்பாவில் போக வேண்டும். அதோடு கணக்குத் தீர்ந்துவிடும்.

கறிக்கடையில் முழுத் தொடை கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. விலை கேட்டாள். கடைக்காரர் சொன்னார். இன்னொரு முறை கேட்டாள். அதே விலைதான்.

"காலைக் கேட்டா கையைக் கடிக்கும்மா," என்றார் கடைக்காரர். "அரைச்ச கறி வாங்கிக்கோங்க. ருசி ஒண்ணுதான்."

"அதை எப்படி நடுவுல வைக்கிறது? குவிச்சா வைக்கிறது?"

"அது உங்க சாமர்த்தியம்."

சாமர்த்தியத்தை அவள் வேலை செய்யும் ஓட்டலின் சமையல் மாஸ்டரிடம் கேட்டாள். அவள் அங்கே சலவைப் பகுதியில் இஸ்திரி போடுகிறவள். மாஸ்டரின் வெள்ளைக் கோட்டை மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுப்பவள் அவள் ஒருத்திதான். அதனால் அவர் நின்று பதில் சொல்வார்.

"மீட்லோஃப் பண்ணு. கறி ரொட்டின்னு வெச்சுக்கோயேன். அரைச்ச கறியை ரொட்டி மாதிரி அச்சுல போட்டுச் சுடறது. கத்தி வெச்சு வெட்டலாம். ராஜா மாதிரி நடுவுல உக்காரும்."

சலவைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ஒன்றரைக் கிலோ கறி. பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைக்க வேண்டும். வெங்காயத்தை வதக்கி ஆறவைக்க வேண்டும். இரண்டு முட்டை. உப்பு, மிளகு. அச்சில் காற்று இல்லாமல் நிரப்பு. ஒன்றேகால் மணி நேரம். வெளியே எடுத்ததும் கால் மணி நேரம் சும்மா விடு.

"பிசையாதே," என்றார் மாஸ்டர். "அதான் முக்கியம். பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி. அழுத்தினா போச்சு."

அதை அவள் எழுதிக்கொள்ளவில்லை. மறக்கக்கூடிய விஷயமா அது?

அச்சையும் மாஸ்டரே கொடுத்தார். நீளமான தகர அச்சு. ஒரு மூலை நசுங்கியிருந்தது.

லீவுக்கு முந்தின நாள் மேற்பார்வையாளர் வந்தார். எல்லோருக்கும் லீவு என்றால் ஓட்டலில் கூட்டம் என்று பொருள். "நாளைக்குக் காலையில ஆறு டூ பதினொண்ணரை வந்துடு."

"சார், வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

"இங்கயும்தான் ஆள் வர்றாங்க. நூத்திப்பத்து ரூம்."

"வேற யாரையாவது..."

"வேற யார் வந்தாலும் மேஜைத்துணி கசங்கின பேப்பர் மாதிரி இருக்கும். உனக்கே தெரியும்."

தெரியும். நன்றாக வேலை செய்கிறவள் தலையில்தான் எல்லாம் விடியும்.

விடியற்காலை எழுந்து கலவையைத் தயார் செய்தாள். விரல் நுனியால் மட்டும் புரட்டினாள். கறியும் வெங்காயமும் ரொட்டியும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கலந்தன. தளதளவென்று வந்தது. மாஸ்டர் பார்த்திருந்தால் தலையாட்டியிருப்பார். அச்சில் இப்போதே போட்டால் அடியில் நீர் விடும் என்று சொல்லியிருந்தார். பாத்திரத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாள். வீட்டுக்காரனை எழுப்பினாள்.

அவன் கான்கிரீட் மேஸ்திரி. கட்டட வேலை நான்கு நாள் லீவு. போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"மூணே வேலைதான்," என்றாள். "ஒன்பதரைக்கு அச்சுல போட்டு ஓவன்ல வைக்கணும். பத்தே முக்காலுக்கு எடுக்கணும். எடுத்துட்டுச் சும்மா இருக்கணும். சீட்டு இங்க இருக்கு."

"இதுக்கு ஒரு மேஸ்திரி வேணுமா?"

"வேற எதுவும் பண்ணாதீங்க."

"தாயே, நான் பன்னெண்டு மாடிக்கு மோல்டிங் போட்டவன். நீ போ."

அவள் போனாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

இஸ்திரி அறையில் காலையிலிருந்தே நீராவி. மேஜைத்துணிகள் மலை போல் குவிந்திருந்தன. ஒன்பதே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இடைவேளை. போன் போட்டாள்.

"வெச்சுட்டீங்களா?"

"வெச்சாச்சு. கவலைய விடு. நாப்பது வருஷம் நிக்கும்."

"எது நிக்கும்?"

"இறுகிடுச்சுன்னா அசையாது."

"என்ன பண்ணீங்க?"

"சீட்டுல இருந்ததைத்தான் பண்ணேன். கூடக் கொஞ்சம்..."

மேற்பார்வையாளர் கதவருகே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் போனை வைத்தாள். கூடக் கொஞ்சம் என்ன? அடுத்து வந்த நாப்கினில் இஸ்திரிப் பெட்டியின் உருவம் பழுப்பாகப் பதிந்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவை.

வீடு சேரும்போது பன்னிரண்டேகால். ஒரு மணிக்கு விருந்தாளிகள். மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறினாள்.

ஓவன் கதவு சரியாக மூடாது. பழைய சாமான் கடையில் வாங்கியது. வழக்கமாக ஒரு நாற்காலியைச் சாய்த்து வைப்பார்கள். இன்று அந்த நாற்காலியின் மேல் அரை மூட்டை மணல் உட்கார்ந்திருந்தது. சமையல் மேடையில் சாந்துக் கரண்டி. பக்கத்தில் மரச் சுத்தியல். அதற்குப் பக்கத்தில் மட்டம் பார்க்கும் ரசமட்டம். கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தான்.

நடுவில் ஒரு தட்டு. அதன் மேல் நீளமாக எதுவோ. அதை ஈரத்துணி போட்டு மூடியிருந்தான்.

"துணி எதுக்கு?"

"சூட்டுல மேல லேசா வெடிச்சிருந்துச்சு. நனைச்சு விட்டேன். பச்சையா இருக்கும்போது நனைச்சு விட்டாத்தான் விரிசல் ஓடாது."

அவள் துணியை எடுத்தாள். நான்கு முனையும் கூராக இருந்தன. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி மட்டம். அச்சின் நசுங்கின மூலையைக் கூடத் தட்டிச் சரிசெய்திருந்தான். ஒரு விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது.

"என்ன பண்ணீங்க?"

"சீட்டுல என்ன எழுதியிருந்த? காற்று இல்லாமல் நிரப்பு. அதைப் போய் என்கிட்ட சொல்லணுமா? காத்து நின்னா ஓட்டை விழும், ஓட்டை விழுந்தா பலம் போயிடும். மூணு அடுக்காப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் குத்தி விட்டேன். பக்கவாட்டுல சுத்தியலால தட்டினேன். குமிழி எல்லாம் மேல வந்துடுச்சு."

"அப்பா ஏறி மிதிக்கலை, அவ்வளவுதான்மா," என்றாள் மகள். ஒன்பது வயது. காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"நீ சும்மா இரு. அப்புறம், கலவை ரொம்ப இளக்கமா இருந்துச்சு. நீ அவசரத்துல தண்ணி கூட விட்டுட்ட போல."

"அது பால்."

"எதுவா இருந்தா என்ன? ஒரு பாக்கெட் ரொட்டித்தூள் போட்டு இறுக்கினேன்."

"ஒரு பாக்கெட்டா?"

"முழு பாக்கெட் இல்லை. கொஞ்சம் கீழ சிந்திடுச்சு." அவன் குரல் தணிந்தது. பிறகு மறுபடி தெம்பு வந்தது. "உள்ள ரெண்டு கேரட் நீளவாக்குல படுக்க வெச்சிருக்கேன். இவ்வளவு நீளத்துக்குக் கம்பி இல்லாம விட்டா நடுவுல உடைஞ்சுடும்."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் அழுகை வந்துவிடும். மாஸ்டர் சொன்னதை மேஸ்திரி செய்திருக்கிறான். நடுவில் அவள் எழுதிக்கொள்ளாத ஒரு வார்த்தை. அழுத்தாதே. சீட்டில் இன்னும் ஒரு விரல் இடம் இருந்தது.

"உங்களை யாரு கூடக் கொஞ்சம் பண்ணச் சொன்னது?"

"நல்லதுக்குத்தானே பண்ணேன்?"

"உங்க நல்லதுல இடி விழ."

கடைகள் எல்லாம் மூடியிருந்தன. வேறு கறி கிடையாது. நேரமும் கிடையாது. அச்சின் அடியில் இரண்டு கரண்டி கறிச்சாறு மிஞ்சியிருந்தது. அதில் வெங்காயத்தைப் போட்டு மாவு தூவித் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். சாறு நிறைய வேண்டும். ஊறினால் பல்லுக்கு இறங்கலாம். மேஸ்திரி ரசமட்டத்தை எடுத்து உள்ளே வைத்தான். யாரும் கேட்காமலே சொன்னான்.

"வெச்சுப் பாத்தேன். குமிழி நட்ட நடுவுல நின்னுச்சு."

ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது படிக்கட்டில் எதுவோ இடிபடும் சத்தம் கேட்டது. நாத்தனார் கையில் ஒரு மடக்கு நாற்காலி. பின்னால் அவள் வீட்டுக்காரர் கையில் இன்னொன்று. மறு கையால் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறிவந்தார். அவருக்கு முழங்கால் சரியில்லை. முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான்," என்றாள் நாத்தனார், நாற்காலியை விரித்துக்கொண்டே.

"நாற்காலி இருக்கே அண்ணி."

"இருக்கும். யாரு இல்லைன்னது?"

ஓவன் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியை மேஸ்திரி அவசரமாக இழுத்து வந்தான். ஓரத்தில் மணல் கொட்டியது.

கட்டடச் சாரப்பலகையை இரண்டு டிரம் மேல் போட்டு மேஜை. அதன் மேல் ஓட்டலில் ஓரம் கிழிந்து ஒதுக்கிய விரிப்பு. அவள் கஞ்சி போட்டுத் தேய்த்தது. ஒரு சுருக்கம் கிடையாது. நாத்தனார் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"துணி நல்லா இருக்கு."

சாப்பாட்டுக்கு வந்தவள் துணியைப் பாராட்டினால் என்ன அர்த்தம்?

அவள் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பலகை லேசாக அதிர்ந்தது. நாத்தனார் வீட்டுக்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அழகா இருக்கே," என்றார். "என்னது இது?"

"மீட்லோஃப், அண்ணா. கறி ரொட்டி."

கத்தியை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினாள். மேஸ்திரி பாதி எழுந்தான். "நான் வேணா உள்ள போய் அந்த..." அவள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான்.

முன்னும் பின்னும் இழுத்து அறுத்தாள். இறங்கிய பிறகு ஒரு துணுக்கு உதிரவில்லை. முதல் துண்டு அட்டை மாதிரி நேராக விழுந்தது. பழுப்புக்கு நடுவில் இரண்டு ஆரஞ்சு வட்டம்.

"அது நம்மளைப் பாக்குதும்மா," என்றாள் மகள்.

ஆளுக்கு ஒரு துண்டு. மேலே நிறையச் சாறு. சாறு துண்டின் மேல் ஓடித் தட்டில் இறங்கிற்று. உள்ளே போகவில்லை. எல்லோரும் மென்றார்கள். பேச வாய் காலியாக இல்லை.

நாத்தனார் வீட்டுக்காரர் வலப்பக்கம் மென்றார். பிறகு இடப்பக்கம் மாற்றினார். தண்ணீர் குடித்தார்.

"ருசி எல்லாம் சரியாத்தான் இருக்கும்மா. எனக்குத்தான் பல்லு பத்தலை."

நாத்தனார் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னம்மா போட்ட இதுல?"

"கறி அண்ணி."

"அது தெரியுது. வேற?"

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். மேஸ்திரி சொன்னான். மூன்று அடுக்கு, குத்தினது, தட்டினது, நனைத்தது, கம்பிக்குப் பதிலாகக் கேரட். பாதி வெட்கம், பாதி பெருமை. நாத்தனார் கேட்டுக்கொண்டே வந்தாள். கேரட் வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். தோள் குலுங்கிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அட பாவி! அஞ்சு வயசுல களிமண்ணை உருட்டி எங்கிட்டக் குடுத்து, 'அக்கா தின்னு, கேக்கு'ன்னு சொன்னவன்தானேடா நீ? இன்னும் அதையேதான் பண்றியா?"

"நீ தின்னியே அக்கா."

"தின்னேனே! அடிவாங்கினதும் நான்தான்."

அவள் வீட்டுக்காரரும் சிரித்தார். மகளும் சிரித்தாள். மேஜை கலகலப்பாகிவிட்டது. அவளால் சிரிக்க முடியவில்லை. விடியற்காலை எழுந்தது, விரல் நுனியால் கலந்தது, ஐந்தரை மணி நேரம் நீராவியில் நின்றது, விரிப்புக்குக் கஞ்சி போட்டது எல்லாம் எங்கேயோ போய்விட்டன. இனி சொந்தத்தில் இது தம்பி கறியைக் கான்கிரீட் போட்ட கதை. கெட்டுப் போனது கூட அவள் பேரில் இல்லை.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"விடும்மா. அடுத்த வருஷம் நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம். உனக்கு எதுக்கு இந்தச் சிரமமெல்லாம்?"

அன்பாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

இரண்டாவது துண்டு யாரும் கேட்கவில்லை. தட்டில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அவள் எழுந்து அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தாள். ஒரு வருஷத் தூசியைத் துடைத்தாள். மிச்சத்தைத் தூக்கி உள்ளே வைத்தாள். அரை விரல் நீளம் கூடுதலாக இருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு அறுத்தாள். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. மேலே மிஞ்சின சாறு முழுவதையும் ஊற்றினாள். நான்கு பூட்டும் டக் டக்கென்று விழுந்தன.

நாத்தனார் கிளம்பும்போது இவள் அதை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"உங்க டப்பா அண்ணி."

"அடடே, அதை மறந்தே போனேன்." வாங்கினாள். கை சட்டென்று கீழே இறங்கிற்று. "என்னம்மா இது, செங்கல்லா?"

"கறிதான். அண்ணாவுக்கு ஆகும். சூப் வெச்சுக்கலாம்."

நாத்தனார் அவளைப் பார்த்தாள். அவளும் பார்த்தாள்.

"இவ்வளவு எனக்கு எதுக்கு? குழந்தைக்கு வெச்சுக்கோ."

"வெறும் டப்பாவைக் குடுக்கக் கூடாது இல்லையா?"

"வேற எதுலயாவது மாத்திக்கிட்டு..."

"எங்க வீட்டுல வேற டப்பா இல்லை அண்ணி."

மேஸ்திரி வாயைத் திறந்தான். மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூடிக்கொண்டான்.

"சாயாமப் பிடிச்சுக்கோங்க," என்றாள் அவள். "உள்ள சாறு ஊத்தியிருக்கேன்."

நாத்தனார் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி படி இறங்கினாள். ஒவ்வொரு படியாகக் காலால் தேடி இறங்கினாள். அவள் வீட்டுக்காரர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார். இவள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் முதல் முறையாகத் தோள் பாரம் இறங்கிற்று.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் காலடிச் சத்தம் நின்றது. அங்கிருந்து குரல் வந்தது.

"நாற்காலியை மேலயே விட்டுட்டேன்மா! ரெண்டு கையும் இதுலயே மாட்டிக்கிச்சு."

"அண்ணா கையில ஒண்ணு குடுத்து விடட்டுமா அண்ணி?"

"ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போனா ஜோடி பிரிஞ்சிடும். அங்கயே இருக்கட்டும். அப்புறமாத் திருப்பிக் குடுத்துடு. செட்டுல ரெண்டு."

எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

அவள் உள்ளே வந்தாள். இரண்டு நாற்காலியும் மேஜையருகே விரித்தபடியே இருந்தன. மேஸ்திரி அதில் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான்.

"நல்லா வசதியாத்தான் இருக்கு," என்றான். "எப்பத் திருப்பிக் குடுக்கணுமாம்?"

டப்பாவென்றால் கறியை வைத்துக் கொடுக்கலாம். நாற்காலியில் எதை வைத்துக் கொடுப்பது?

"எந்திரிங்க," என்றாள். "முதல்ல எந்திரிங்க."